மனைவி என்ற முறையில்

பத்தொன்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த பிறகு ஆன்சல் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். ரேடியோவில் கேட்டான்.

எங்கள் தீவில் எல்லாச் சமையலறையிலும் ரேடியோ உண்டு. கடலுக்குப் போன படகுகள் பேசுவதைக் கேட்கவும் பதில் சொல்லவும் ஆன ரேடியோ. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதைத்தான் போடுவோம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எங்கள் ஆண்கள் கடலில் இருந்துகொண்டு அதில் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஓரின் குடியை விட்டுவிட்டதாக மனைவிக்கு அறிவித்தது அதில்தான். ஆறு வாரம் கழித்து மறுபடி தொடங்கியதையும் அதில்தான் அறிவித்தான். ஊர் முழுக்கக் கேட்கும். கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது எங்கள் ஊர் மரியாதை.

அது ஏப்ரல் மாதம். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"வெர்னா, இருக்கியா?"

"இருக்கேன். சொல்லு."

"வியாழக்கிழமை டவுன் ஆபீஸ் தெறந்திருக்குமா?"

"மத்தியானம் வரைக்கும். எதுக்கு?"

அவன் எஞ்சினைத் தணித்தான்.

"நேத்து வக்கீலைப் பாத்தேன்ல. கட்டின பொண்டாட்டியா இருந்தா, புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்லுன்னு யாரும் வற்புறுத்த முடியாதாம். சும்மா கூட இருந்தா அது கணக்குல வராதாம். அதான். கட்டிக்கலாமா?"

நான் பேச வாயெடுக்கும் முன் ஓரின் குறுக்கே வந்தான்.

"சீக்கிரம் சரின்னு சொல்லும்மா. எனக்கு என் வீட்டுக்காரிகிட்ட பேசணும், சேனலை விடுங்க."

"நீ வாயை மூடு ஓரின்" என்றான் ஆன்சல்.

"சரி" என்றேன்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். வியாழக்கிழமை."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கன்னம் சுட்டது. வெட்கத்தால் அல்ல, சந்தோஷத்தால். வெட்கம் பிறகு வந்தது.

*

அந்த வழக்கு இதுதான்.

அக்கரைத் துறைமுகத்துக்காரன் ப்ரெண்ட், இரண்டு வருடமாக எங்கள் எல்லைக்குள் சிங்கி இறால் பொறிகளைப் போட்டுவந்தான். எங்கள் கடலில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அத்துமீறியவனின் மிதவைக் கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு வருவார்கள். புரிந்துகொண்டால் நகர வேண்டும். நகராவிட்டால் கயிற்றை அறுப்பார்கள். ஆன்சல் முடிச்சும் போட்டான், அறுக்கவும் செய்தான். ப்ரெண்ட் நகரவில்லை. தன் படகையே எங்கள் பக்கத்து மணல்திட்டின் ஓரம், ஆளில்லாத ஒரு துறையில் கட்டிவைக்கத் தொடங்கினான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் விடியும் முன், எஞ்சினுக்குக் கடல்நீர் இழுக்கும் குழாயை யாரோ பிடுங்கிவிட்டுப் போனார்கள். அது வழியே கடல் புகுந்து படகு மூழ்கியது. அதற்குள் லைல் படுத்திருந்தான். ப்ரெண்டின் கூலியாள், ஐம்பத்து நான்கு வயது, சொந்தமாக வீடு இல்லாதவன். வெளியே வந்துவிட்டான். நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த படகின் மூக்கில் தொற்றிக்கொண்டு, நழுவிவிடாமல் இருக்கக் கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டான். அந்த வழியாக வந்தவர்கள் அவனைப் பார்த்தபோது மணி எட்டரை. நான்கு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ப்ரெண்டின் படகில் எங்கள் படகின் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. அரசு ஆன்சல்மேல் வழக்குப் போட்டது. படகை மூழ்கடித்தது ஒரு குற்றம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே மூழ்கடித்தது வேறு குற்றம், அதற்குப் பத்து வருடத்துக்கு மேல். முதலாவதற்குச் சாயம் போதும். இரண்டாவதற்கு என்னைவிட்டால் சாட்சி இல்லை.

அன்று ஆன்சல் விடிகாலை நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். முழங்கை வரை நனைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

"ப்ரெண்டோட படகு கதை முடிஞ்சுது" என்றான்.

"உள்ள ஆள் இருந்தாங்களா?"

இரண்டாவது பூட்ஸையும் கழற்றிவிட்டுச் சொன்னான்.

"விளக்கு எரிஞ்சுது. யாரோ இருமினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. புடுங்கிட்டு வந்துட்டேன். நீந்துவான்."

ரேடியோ அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். கரையோரக் காவல் படையைக் கூப்பிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, இடத்தைச் சொன்னால் போதும்.

நான் முட்டை பொரித்தேன். இரண்டு அவனுக்கு, ஒன்று எனக்கு. பிறகு அவன் தூங்கப் போனான். நான் தட்டுகளைக் கழுவினேன். ஏழு மணிக்குத் துணி துவைத்து உலர்த்தினேன். எட்டரைக்கு ரேடியோவில் யாரோ கத்தினார்கள், ஆள் ஒருவன் தொங்குகிறான் என்று. அப்போதுதான் எல்லோரையும்போல நானும் கேட்டேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம், அன்று நேரம் கழித்து எழுந்தேன் என்று சொன்னேன்.

*

டவுன் ஆபீஸில் ஐடெல்லா பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாள். வரி வாங்குவது, நாய்க்கு உரிமம் கொடுப்பது, கல்யாணம் செய்துவைப்பது எல்லாம் அவள்தான். நான் நீல நிறத்தில் ஒரு கவுன் போட்டிருந்தேன். தபாலில் வரவழைத்து எட்டு வருடமாகப் பெட்டியில் இருந்தது. எதற்கு வாங்கினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆன்சல் படகிலிருந்து நேராக வந்தான். அவன்மேல் இரை மீனின் வாடை அடித்தது.

"கல்யாணத்துக்காவது குளிச்சிட்டு வரக் கூடாதா?" என்றாள் ஐடெல்லா.

"பதினொரு மணிக்கு நீர் வத்திடும், திரும்பப் போகணும். சீக்கிரம் படி."

"பத்தொன்பது வருஷம் பொறுத்தவனுக்கு இப்ப என்னடா அவசரம்?"

கேட்டுவிட்டு அவளே கீழே குனிந்துகொண்டாள். அவசரம் என்னவென்று அவள் வீட்டு ரேடியோவும் சொல்லியிருந்தது.

நான்கு நிமிடத்தில் முடிந்தது. கையெழுத்துப் போடும்போது பழக்கத்தில் வெர்னா ஈட்டன் என்று எழுதிவிட்டேன். "பரவாயில்ல, பழைய பேருலதான் போடணும்" என்றாள் ஐடெல்லா. வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் ஆன்சலின் குடும்பப் பெயரோடு வெர்னா தர்லோ என்று ஏழெட்டு முறை எழுதிப் பார்த்தேன். பிறகு அதை அடுப்பில் போட்டேன்.

அடுத்த வாரம் வக்கீல் மெக்ளூர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு விஷயம் இருக்கு. புருஷனும் பொண்டாட்டியும் தனியா பேசிக்கிட்டதை கோர்ட் கேக்க முடியாது. அது ஒண்ணு. ஆனா செப்டம்பர்ல உங்களுக்குக் கல்யாணம் ஆகல. அதனால அது நமக்கு உதவாது. இன்னொண்ணு, விசாரணை அன்னைக்கு நீங்க அவரோட மனைவி. மனைவிங்கற முறையில சாட்சி சொல்ல மாட்டேன்னு நீங்க மறுக்கலாம்." அவர் என்னைப் பார்த்தார். "கவனிங்க. அந்த உரிமை உங்களுது, அவரோடது இல்ல. நீங்க பேசறேன்னு முடிவு பண்ணிட்டா அவரால தடுக்க முடியாது."

"அவ ஏன் பேசப் போறா?" என்றான் ஆன்சல்.

"வாயை அடைக்கறதுக்காகவே நடந்த கல்யாணம்னு அவங்க காட்டிட்டா, அந்த உரிமையும் போயிடலாம். எதுக்குக் கட்டிக்கிட்டீங்கன்னு வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஆன்சல் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"வெளியிலன்னா?" என்றான்.

மெக்ளூர் பேனாவைக் கீழே வைத்தார்.

*

ஜூனில் பாங்கோர் நகரத்துக் கோர்ட்டில் விசாரணை. எங்கள் தீவிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். அன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. முன்வரிசையில் லைல் உட்கார்ந்திருந்தான். கோடைக் காலம்தான், ஆனாலும் வலது கையில் கம்பளி உறை.

நீதிபதி ஜூரியை வெளியே அனுப்பினார். என் கல்யாணத்தைப் பற்றி மட்டும் முதலில் கேட்க வேண்டும் என்றார். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். அரசு வக்கீல் பெல்ட்டியே என்ற பெண். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவளாக இருப்பாள்.

"பத்தொன்பது வருஷம் கல்யாணம் இல்லாம இருந்தீங்க. சம்மன் வந்து ஒம்போது நாள்ல கல்யாணம். ஏன்?"

"கேட்டான். சரின்னேன்."

"எங்க வச்சுக் கேட்டார்?"

"நான் சமையலறையில இருந்தேன்."

"அவர் எங்க இருந்தார்னு கேட்டேன்."

"...வேலையில."

"இந்த வழக்கைப் பத்தி ஏதாவது சொல்லித்தான் கேட்டாரா?"

"இல்ல."

"சத்தியமா?"

"கட்டிக்கலாமான்னு கேட்டான். அவ்வளவுதான்."

முப்பது பேரில் ஒருவர்கூட இருமவில்லை. எல்லோரும் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லும்போது, அதைப் பொய் என்று அறிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன். அவர்கள் என்னைப் பார்த்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

பெல்ட்டியேவுக்கு ஏதோ காதில் விழுந்திருந்தது. ஓரினைக் கூப்பிட்டாள்.

"ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலையில உங்க படகுல ரேடியோ ஓடிட்டிருந்துதா?"

"இல்லங்க. ரிப்பேரு."

"என்ன ரிப்பேர்?"

"தெரிஞ்சா சரி பண்ணியிருப்பேனேங்க."

அடுத்து ஓரினின் மனைவி. அவள் அன்று மாவு அரைக்கும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தாளாம், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். அவள் வீட்டில் அப்படி ஒரு இயந்திரமே கிடையாது. அடுத்து ஐடெல்லா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பைபிளின்மேல் வைத்த கையை எடுக்காமலே, "நான் காலையில பாட்டுதான் கேப்பேன்" என்றாள். கீழே இறங்கிப் போகும்போது அவள் கழுத்து சிவந்திருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"மீன்பிடித் தீவு. ஒரு காலைப்பொழுது. ஒரு ரேடியோகூட வேலை செய்யல. இவ்வளவு பேர் எப்படிக் கரை சேர்றீங்கன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

சிரிப்பு எழுந்தது. ஆன்சலும் சிரித்தான்.

பத்தொன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் கல்யாணத்தைப் போலி என்று சொல்லத் தன் முன்னால் ஆதாரம் இல்லை என்றார் நீதிபதி. சாட்சி சொல்வதா மறுப்பதா என்று சாப்பாட்டுக்குப் பின் நான் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

*

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு பெஞ்சில் லைல் தனியாக உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சாண்ட்விச். அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளைப் பல்லால் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் போயிருக்கலாம். அவன் நிமிர்ந்துவிட்டான்.

"மிசஸ் தர்லோ" என்றான்.

அந்தப் பெயரில் என்னை முதலில் கூப்பிட்டது அவன்தான்.

"குடுங்க" என்று வாங்கிப் பிரித்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. மத்ததெல்லாம் பழகிட்டேன். இந்தத் தாளு மட்டும் மசிய மாட்டேங்குது." ஒரு கடி கடித்தான். "உங்க குரல் ரேடியோவுல வேற மாதிரி இருந்துது."

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டீங்களா?"

"ப்ரெண்ட் வீட்டுச் சமையலறையிலதான் அப்ப எனக்குக் கட்டில். முழுசாக் கேட்டேன். நீங்க சரின்னதும் ப்ரெண்டோட பொண்டாட்டி கை தட்டிட்டா. அப்புறம்தான் யார் யாரைக் கேட்டாங்கன்னு உறைச்சுது அவளுக்கு." சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை.

"அரசு வக்கீல்கிட்ட சொல்லலையா?"

"சொல்லல. ப்ரெண்ட் வீட்டுலயும் சொல்ல வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"ஒரு பொம்பளைகிட்ட கட்டிக்கிறியான்னு கேட்டதை, கோர்ட்டுல நின்னு நான் எப்படிங்க ஒப்பிக்கறது? நல்லாருக்குமா? அது உங்க விஷயம்."

அவன் மெதுவாக மென்றான்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். படுக்கும்போது விளக்கை எரிய விட்டுட்டுத்தான் படுத்தேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. எரிஞ்சிட்டே இருந்திருந்தா வந்தவன் பாத்திருப்பான். பேட்டரி தீந்து அணைஞ்சிருக்கும்ங்கறான் ப்ரெண்ட். நானும் அப்படியே நெனச்சுக்கறேன். அப்படி நெனச்சாத் தூக்கம் வருது." கம்பளி உறையால் வாயைத் துடைத்துக்கொண்டான். "ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சும் விட்டுட்டுப் போற அளவுக்கு யாரும் மோசம் இல்லீங்க. அப்படித் தெரிஞ்சிருந்தா யாராவது ஒரு குரல் குடுத்திருப்பாங்க."

"காப்பி வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேணாங்க. காப்பி குடிச்சா எனக்குக் கை நடுங்கும்."

*

கோர்ட் கூடியது. என்னை மறுபடி கூப்பிட்டார்கள். ஜூரி இன்னும் வரவில்லை. ஆன்சல் மேசைக்குப் பின்னால் சட்டைக் காலர் இறுக உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் காலர் பழக்கமில்லை.

பேசிவிடலாம் என்றுதான் ஏறினேன். விளக்கு எரிந்தது, யாரோ இருமினார்கள். நான்கே சொற்கள்தான். அதைச் சொன்னால் பெல்ட்டியே அடுத்து என்ன கேட்பாள் என்றும் எனக்குத் தெரியும். அவர் அதை எத்தனை மணிக்குச் சொன்னார்? நாலரைக்கு. அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?

முட்டை பொரிச்சேன்.

"மிசஸ் தர்லோ" என்றார் நீதிபதி. "குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஆன்சல் தர்லோவின் மனைவி என்ற முறையில் உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் சொல்லலாம். உங்கள் முடிவு என்ன?"

லைல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் ஒன்றும் இல்லை. ரயிலுக்குக் காத்திருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"சொல்ல விரும்பல" என்றேன்.

"யாரும் உங்களை வற்புறுத்தவில்லையே?"

"இல்லங்க."

"இது உங்கள் சொந்த முடிவுதானா?"

"ஆமா."

தெளிவாகத்தான் சொன்னேன். பின்வரிசை வரை கேட்டிருக்கும். நான் இறங்கி நடந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் கால்களை ஒடுக்கி வழி விட்டார்கள். ஐடெல்லா என் கையை அழுத்தினாள். புருஷனுக்காக நிற்கிறவள் என்று நினைத்தார்கள். சட்டமும் அப்படித்தான் நினைத்திருந்தது. யாருக்காக மறுக்கிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆன்சலுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் தீர்ப்பு. படகை மூழ்கடித்ததற்குக் குற்றவாளி. ஆள் இருப்பது தெரிந்து செய்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிறை பதினான்கு மாதத்துக்கு மேல் போகாது என்றார் மெக்ளூர். தண்டனை நாள் குறிக்கும் வரை வீட்டில் இருக்கலாம்.

லைல் வாசலில் ப்ரெண்டின் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டான். ஆன்சலும் தொட்டான். பழக்கதோஷம்.

*

சாயங்காலப் படகில் ஊருக்கு வந்தோம். ஓரின் எல்லோருக்கும் பீர் வாங்கினான். "மிசஸ் தர்லோவுக்கு முதல்ல குடு" என்றான் யாரோ. ஆன்சல் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். ஊர் பார்க்க அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோவை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஆன்சல்."

"ம்."

"இப்ப நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இப்ப நீ எங்கிட்ட தனியா என்ன சொன்னாலும் யாரும் கேக்க முடியாது. வக்கீல் சொன்னாருல்ல."

"சரி, அதுக்கென்ன?"

"அன்னைக்குக் காலையில சொன்னியே. அதை இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"விளக்கு. இருமல்."

அவன் நிமிர்ந்தான். என்னையே பார்த்தான். எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்துவிட்டுப் பெல்ட்டியேவைப் பார்த்தார்களே, அப்படி.

"அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

"ஆன்சல்."

"வந்தேன். படுத்தேன். நான் ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் கேக்கல." குரல் கடுமையாக இல்லை. குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல மெதுவாகச் சொன்னான். "உனக்கு ஒண்ணுமே தெரியாது, வெர்னா. தெரியாதவ எப்படி ரேடியோவுல கூப்பிட முடியும்?"

ரேடியோவில் கூப்பிடாததைப் பற்றி நான் அவனிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவன் கவனித்திருக்கிறான். அன்று காலை படுக்கைக்குப் போனவன் தூங்கவில்லை. நான் கூப்பிடுகிறேனா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறான்.

அவன் சொன்னதை மறுத்திருக்கலாம். அந்த வீட்டில் என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை.

"சரி" என்றேன். கோர்ட்டில் ஆமா என்று சொன்ன அதே குரலில்.